மாதம் மூன்று மணி பத்து நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் ஏதோ இருக்கிறோம். மகனுக்கு அலைச்சல், மருமகளுக்கு இடுப்பு வலி, பேரனுக்குப் பரீட்சை. அவன் படிக்கிற மேசையில் பாதியை அவன் புத்தகங்கள் பிடித்துக்கொள்ள, மீதிப் பாதியில் உன் நாற்காலி வாடகைக் கடை நடக்கிறது. நீ நலமா, உன் மகன் நலமா. உன் மருமகள் நலமாகத்தான் இருப்பாள், அவள் அனுப்பிய தாளைப் பார்த்தாலே தெரிகிறது.

தினமும் நாலு தடவை போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

போன மாதக் கூலியோடு உன் மருமகள் ஒரு தாள் அனுப்பியிருந்தாள். உன் வாடிக்கைக்காரர்களுக்கு நாற்காலி வருகிறது, மேசை வருகிறது, எப்போது திருப்பி எடுக்கலாம் என்று இங்கேயிருந்து நான் பேசின ஒவ்வொரு அழைப்பும், எத்தனை நிமிடம் என்பதும் அதில் இருந்தது. நீ என்னிடம் கொடுத்து வைத்திருக்கிற கடைப் போனில் அதை எண்ணுவதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தவளும் அவள்தான். கடை நம்பரில் யார் பேசினாலும் அதுவாக எண்ணிக்கொள்ளும். பத்தொன்பதாம் தேதி மாலை நாற்பத்திரண்டு நிமிடம் என்று இருந்ததை அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘சொந்தப் பேச்சு, கழிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறாள்.

அன்றைக்கு என்ன பேசினோம் என்று உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறார்கள் என்று கடை நம்பரிலேயே கூப்பிட்டு அழுதாய். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “போகமாட்டாங்கதானேக்கா?” என்று ஏழு தடவை கேட்டாய். ஏழு தடவையும் போகமாட்டார்கள் என்றேன். அந்த நேரத்துக்கு நான் காசு கேட்கவில்லை. நீ அழும்போது எண்ணுவதை நிறுத்தவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பொய்க் கணக்கு எழுதி மாட்டிக்கொண்டவள் மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அதனால் இனிமேல் போனில் நாற்காலி, மேசை, பாத்திரம், விளக்கு. மற்றதெல்லாம் தாளில்.

இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது “உனக்கு என்ன வேணும்னு சொல்லுக்கா” என்று கேட்டாய். “நீ குடுக்கிறதக் குடு” என்றேன். அது என் வாயாலேயே நான் செய்துகொண்ட கெடுதல். மணிக்கு இவ்வளவு என்று நீ சொன்னது இன்றுவரை அப்படியே நிற்கிறது. இதற்குள் உன் நாற்காலி வாடகை மூன்று தடவை ஏறிவிட்டது. ஏறியதை வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி வசவு வாங்கினவள் நான்.

யோசித்து எழுது. எனக்குத் தங்கச்சியும் வேண்டும், கூலியும் வேண்டும். ஒன்றுக்காக ஒன்றை விடச் சொல்லாதே.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. ஆசையாகப் பிரித்தேன். படித்து முடித்தபோது அந்த ஆசை இல்லை.

மருமகளைக் கேட்டேன். “பெரியம்மாவ ஒண்ணும் சொல்லல அத்தை, நிமிஷக் கணக்குன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே” என்கிறாள். அவள் சுபாவம் அது. நான் கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு பல்பு எடுத்துப் போனால் அதையும் எழுதி வைக்கிறாள். அந்தக் கோட்டைப் போடும்போது அது தன்னைப் பற்றின பேச்சு என்று அவளுக்குத் தெரியாது. நல்லவேளை.

கூலி விஷயம். அக்கா தங்கச்சிக்குள் ரேட் பேசினால் கேட்பதற்கு நன்றாகவா இருக்கிறது? மண்டபங்கள் எல்லாம் இப்போது நாற்காலியைத் தாங்களே வாங்கிப் போட்டுக்கொள்கின்றன. நம்மிடம் இருக்கிற நானூறில் பாதி அடுக்கினபடியே கிடக்கிறது. அடுக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கே முதுகு வலிக்கிறது. கடை கொஞ்சம் எழுந்திருக்கட்டும், நானாகவே பார்த்துச் செய்வேன். செய்யமாட்டேனா?

வேறு எதையும் கிளறாதே அக்கா. அடுத்த கடிதத்தில் டம்ளர் கதை வரும் என்று எனக்குத் தெரியும். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

உன் அன்புத் தங்கை


மார்ச் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

டம்ளரை நான் எடுக்கவில்லை, நீயே எடுத்துவிட்டாய். எடுத்ததால் சொல்கிறேன். உன் கடை திறந்த அன்று எல்லாரையும் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுக்கப் போனபோது, “அக்கா, அந்த டம்ளர் மட்டும் கழுவிடேன்” என்று என்னை உள்ளே அனுப்பினாய். நூற்றிருபது டம்ளர். துடைத்துக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள் போட்டோக்காரர் பையைக் கட்டிவிட்டார். அந்தப் போட்டோ இன்னும் உன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. பதினோரு வருஷம் இல்லை, பன்னிரண்டு.

போகட்டும். இப்போது நடந்ததைக் கேள். போன வருஷம் தன் அப்பாவின் பிறந்தநாளுக்கு நம்மிடம் நாற்காலி எடுத்தாரே, பல் டாக்டர், இந்த வருஷமும் கேட்டிருந்தார். “போன தடவை சின்ன மேசை ஒண்ணு ஆடுதுன்னு சொன்னீங்க, இந்தத் தடவை வேற அனுப்பச் சொல்லியிருக்கேன்” என்றேன். மனுஷர் ஆடிப்போய்விட்டார். தன் ஆஸ்பத்திரிக்கும் இப்படி ஒருவர் வேண்டும், யாருக்கு எந்தப் பல், எப்போது வரவேண்டும் என்று வீட்டிலிருந்தபடியே கூப்பிட்டுச் சொன்னால் போதும் என்றார். பிறகு கேட்டார், “உங்க ரேட் என்ன?”

அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக வெளியாள் ஒருத்தர் என்னைக் கேட்கிறார். நீ கொடுப்பதைச் சொன்னேன். “ஓ, அவ்வளவுதானா” என்றார். சொல்லியனுப்புவதாகச் சொன்னவர் சொல்லியனுப்பவில்லை. ஒரு வாரம் பொறுத்து நானே வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். “தப்பா நினைக்காதீங்கம்மா, அவ்வளவு கம்மியாச் சொன்னதும் நீங்க இந்த வேலைக்குப் புதுசோன்னு நினைச்சுட்டேன். வேற ஆள் வச்சாச்சு” என்றார். அதிகம் கேட்டு வேலை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைத்துக் கேட்டு இழந்தவள் நான்தான்.

நமக்கு லாரி அனுப்புகிற ஆபீசில், என்னைப் போல வீட்டிலிருந்து போன் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். முகம் பார்த்ததில்லை, குரல் பழக்கம். அவளிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் நிமிடத்துக்கு வாங்குவதில்லையாம், மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது அப்படியே: “நீங்க ரெண்டு நிமிஷத்துல முடிக்கிறத இன்னொருத்தி நோட்டைப் புரட்டிப் பத்து நிமிஷத்துல முடிப்பா. நிமிஷத்துக்குன்னா அவளுக்குத்தானேக்கா அதிகம் கிடைக்கும்?”

போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எந்த வீட்டில் எத்தனை நாற்காலி, வாசல் எந்தப் பக்கம், லாரி திரும்ப இடம் உண்டா, யார் முன்பணம் தராமல் இழுப்பார் எல்லாம் என் தலையில் இருக்கிறது. அதனால் சீக்கிரம் முடிக்கிறேன், சீக்கிரம் முடிப்பதால் குறைவாக வாங்குகிறேன். இரண்டு வருஷமாக என் ஞாபகத்துக்கு நானே அபராதம் கட்டிக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் எண்பத்தொரு அழைப்பு, உன் மருமகள் கழித்தது போக மூன்று மணி பத்து நிமிடம். உன்னிடம் நாற்காலி ஏற்றி இறக்குகிறவருக்கு ஒரு நாளைக்குக் கொடுப்பதுதான் எனக்கு ஒரு மாதத்துக்கு வந்தது. ஆனால் காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை உன் போன் என் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, தண்ணீரை மெதுவாக ஊற்றிக் குளிக்கிறேன், மணி அடித்தால் கேட்கவேண்டுமே என்று. அந்த நேரமெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை.

கேட்கிறேன். மாதத்துக்கு, அவருடைய ஆறு நாள் கூலி. நிமிடம் எண்ணவேண்டாம். ஞாயிறு விடுமுறை. சரி என்றோ முடியாது என்றோ எழுது. பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாளாக எழுத எடுத்து எடுத்து வைத்தேன்.

மணிக்குப் பார்த்தால் ஏற்றி இறக்குகிறவரைவிட உனக்குத்தான் அதிகம். அவர் வெயிலில் நிற்கிறார், நீ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேசுகிறாய். மாதம் மூன்று மணி நேரத்துக்கு ஆறு நாள் கூலி என்று மருமகளிடம் நான் எந்த முகத்தோடு சொல்வது? “வெளியாள் யாராவது இப்படிக் கேட்டா நீங்க குடுப்பீங்களா அத்தை?” என்று கேட்பாள்.

இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மச்சான் போனபின் நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறாய், அம்மா சாப்பிடுவதுகூட இல்லை என்று உன் மகன் போன் செய்தான். உனக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையை உண்டாக்கினேன். கடையில் இருந்தபடியே மருமகள் பேசியிருப்பாள், ஆள் தேவைப்படவே இல்லை. உனக்காகச் செய்ததை நீ இப்போது எனக்கு எதிராகவே கணக்குப் போடுகிறாய்.

முடியாது அக்கா. பழையபடியே இருக்கட்டும். கோபித்துக்கொள்ளாதே.

உன் தங்கை


ஏப்ரல் 7

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. முடியாது என்று எழுதியதற்கு நன்றி, அதைத்தான் கேட்டிருந்தேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு உன் கடை வேலையை நிறுத்திக்கொள்கிறேன்.

பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறாய். பொழுதைப் போக்க எனக்கு இந்த வீட்டில் மூன்று கூடைத் துணி மடிப்பதற்கு இருக்கிறது. அவர் போன நாலாம் மாதம் நீ கூப்பிட்டு, “எனக்கு ஆளில்ல, நீ இல்லாம முடியாதுக்கா” என்றாய். அதை நம்பித்தான் எழுந்து பல் தேய்த்தேன். அது பொய் என்று சொல்ல உனக்கு இரண்டு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது. சரி.

என் தலையில் இருப்பதை எழுதி வைக்கிறேன், உன் மருமகளிடம் கொடு. காசு வேண்டாம், விட்டுப் போகிறவள் சொல்லிவிட்டுப் போவதும் வேலையில் சேர்ந்ததுதான்.

ரொட்டிக் கடைக்காரரை மதியம் கூப்பிடவேண்டாம், அவர் தூங்குகிற நேரம், கடித்துவிடுவார். பச்சைக் கேட் வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை, ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குப் போகாது, இருவரையும் தனித்தனியாகக் கூப்பிடவேண்டும். நடன வகுப்பு நடத்துகிற அம்மா ஐம்பது நாற்காலி என்றால் எழுபது அனுப்பு, கடைசி நேரத்தில் கேட்பாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரிடம் வாடகையைப் பற்றி முதலில் பேசவேண்டாம், சௌக்கியமா என்று கேட்டால் அவராகவே தொகையைச் சொல்லிவிடுவார்.

மிகவும் முக்கியமானது ஒன்று. ஒருவர் திடீரென்று கூப்பிட்டு, இன்றைக்கே நாற்காலி வேண்டும், அலங்கார விளக்கு வேண்டாம், எத்தனை நாளைக்கு என்று தெரியாது என்று சொன்னால் அது துக்க வீடு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நோட்டிலும் இருக்காது. அந்த வீட்டை நாமாகக் கூப்பிடக்கூடாது. எத்தனை நாள் ஆனாலும் அவர்களாகக் கூப்பிடுகிறவரை நாற்காலி அங்கேயே கிடக்கட்டும். எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை அவர்களிடம் கேட்கவே கூடாது.

இதை எழுத மூன்று நாள் ஆனது. விரல் வலிக்கிறது.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தை நான் மருமகளிடம் கொடுக்கவில்லை. எனக்கும் வீம்பு. இவள் இல்லாவிட்டால் கடை நடக்காதா என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

போன வாரம் அச்சகக்காரர் வீட்டிலிருந்து அவர் மகன் கூப்பிட்டு உடனே அறுபது நாற்காலி கேட்டானாம். விளக்கு வேண்டாம் என்றானாம். மருமகள் அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, எல்லாரையும் கேட்பதுபோல அவனையும் கூப்பிட்டு, “ஃபங்ஷன் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாங்க? அடுத்ததுக்கும் நம்ம கடைதான்” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பையன் “அம்மா தவறிட்டாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போது அறுபது நாற்காலியும் வாசலில் கிடந்தன. கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வாடகையையும் ஒரு நாற்காலியின் மேல், கல்லை வைத்து, வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடை திறந்த முதல் மாதத்திலிருந்து வாடிக்கை. அந்த அம்மாவை எனக்குத் தெரியும் அக்கா. எனக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தபோது காசு வாங்க மறுத்தவள்.

மருமகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளைச் சொல்லி என்ன, கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “இது மூணு மணி நேர வேலை இல்லை அத்தை” என்று அவளே சொன்னாள்.

வந்துவிடு அக்கா. நீ கேட்ட ஆறு நாள் கூலி, மாதா மாதம், முன்கூட்டியே. ஞாயிறு விடுமுறை. மருமகளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறாள். ஆள் தேவைப்படவில்லை என்று எழுதினேனே, அதுதான் பொய். நீ வருவதற்கு முன்னால் மாதம் இரண்டு வாடிக்கையாவது போய்க்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் நீ கூலி கேட்பாய் என்று பயம்.

பதில் போடு.

உன் தங்கை


மே 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கண் மங்குகிறது, அதனால் இரண்டு தடவை.

முதலில் அச்சகக்காரர் வீடு. போன் செய்யாதே, நேரில் போ. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ. மன்னிப்பு என்று நீளமாகப் பேசவேண்டாம், அந்த அம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்த நல்லதை அந்தப் பையனிடம் சொல், நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததை. கல்லுக்கு அடியில் வைத்த வாடகையைத் திருப்பிக் கொடுக்காதே, அது அவர்களுக்கு இன்னும் கோபம். அதை வேறு எதற்காவது வைத்துக்கொள். இந்த யோசனை தங்கச்சிக்குச் சொல்வது, கடைக்கு இல்லை.

அடுத்தது வேலை. உன் கடையை விட்ட பிறகு ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற ஒருவர் என்னைக் கேட்டார். லாரி ஆபீஸ்காரி சொல்லிக் கொடுத்திருந்தாள், “ரேட்டைச் சொல்லிட்டு வாய மூடிக்கங்க, விளக்கம் சொன்னீங்கன்னா குறைச்சுடுவாங்க” என்று. சொன்னேன். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மனதுக்குள் பதினொன்று வரை எண்ணினேன். குறைத்துக்கொள்ளலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது அவர், “சரிங்க, எப்ப ஆரம்பிக்கலாம்?” என்றார். தொகை பெரிதில்லை, நான் உன்னிடம் கேட்டதுதான். அவர் சொல்லி ஒரு டியூஷன் டீச்சர், பிறகு ஒரு கண்ணாடிக் கடை. இப்போது மூன்று இடம். மூன்றுக்கு மேல் என் தலை தாங்காது. இந்த மேசையும் தாங்காது, பேரன் ஏற்கெனவே கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறான்.

நீ எழுதின கூலியைப் படித்தபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதி கடிதத்தில் இது இருந்திருந்தால் அழுதிருப்பேன். இப்போது படித்துவிட்டு மடித்து வைத்தேன், அவ்வளவுதான். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபமாக இருந்தால் டம்ளரிலிருந்து ஆரம்பித்திருப்பேன். களைப்பாக இருக்கிறது. ஆறு நாள் கூலி கேட்பதற்கு உன்னிடம் இரண்டு கடிதம் எழுதினேன், அவரிடம் பதினொன்று எண்ணினேன். வித்தியாசம் அதுதான்.

அதனால் இப்போது இடம் இல்லை. ஆள் வேண்டும் என்றால் மருமகளையே பழக்கு, என் தாளை வைத்துக்கொண்டு. சந்தேகம் வந்தால் என்னிடம் எழுதிக் கேட்கட்டும், பதில் போடுவேன். கெட்டிக்காரி அவள், தப்பை ஒத்துக்கொண்டாளே. கண்ணாடிக் கடைக்காரர் வெளிநாட்டில் இருக்கிற மகளிடம் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நடந்தால் ஆகஸ்டில் ஓர் இடம் காலியாகும். அப்போதும் உனக்கு வேண்டும் என்றால் கேள். மற்றவர்களுக்குச் சொல்கிற ரேட்டைத்தான் உனக்கும் சொல்வேன். நீயும் மற்றவர்களைப் போலவே ஒரு பதிலைச் சொல்.

பொழுதுபோக்கு என்று எழுதியதை நான் மறக்கப்போவதில்லை. உன்னைத் தண்டிப்பதற்காக இல்லை, மறக்கிற வசதி எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் “பயம்” என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் மறக்காது. இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பழகிக்கொள்வேன்.

தனிக்குடித்தனம் என்ன ஆயிற்று, நீ எழுதவே இல்லை. இப்போது கடை நம்பர் என்னிடம் இல்லை, இருப்பது என் சொந்த நம்பர் ஒன்றுதான், அதில் எதுவும் எண்ணாது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்ப்பதில்லை என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு மேல் கூப்பிடு.

எடுப்பேன்.

அக்கா